மின்சாரக் குத்தகைத் தொழிலில் வேலைகளைப் பகுத்துக்கொள்ளும் முறை

தோட்டப்புற இளைஞர்களில் மின்சார வேலை பயின்று, பின்னர் சொந்தமாகக் குத்தகைத் தொழில் தொடங்க விழைவோர் உளர். கைத்திறன் இருந்தால் போதும், தொழில் தானே நடக்கும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆயினும் வயரிங் வேலையில் வல்லவரும் கடனாளியாகிக் கடையை மூடுவதுண்டு. ஒரே வகை வேலையை நம்பியிருப்பது அதற்கொரு பெருங்காரணம்.

ஈப்போ வட்டாரத்தின் வரலாற்றையே பார்ப்போம். கிந்தா பள்ளத்தாக்கில் மின்சாரம் பெருகியது ஈயச் சுரங்கங்களின் பொருட்டேயாம். 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணையின் மின்சாரம் அச்சுரங்கங்களுக்குச் சென்றது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சுரங்கத்து மோட்டார்களை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அப்போது வேறு வழி ஏது?

இன்று பேராக்கில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆதலால் புதிய வீடுகளுக்கு வயரிங் செய்யும் வேலை கண்ணைக் கவர்கின்றது. அதன் கணக்கை ஆராய்வோம். வீடொன்றுக்கு 5,000 ரிங்கிட் வீதம் 20 வீடுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். தொகை ஒரு லட்சம். கம்பி, குழாய், சுவிட்ச் முதலியவற்றை நாமே முதலில் வாங்க வேண்டும். கூலியும் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும். பணமோ கட்டங் கட்டமாகத்தான் வரும். அதிலும் நூற்றுக்கு 5 பிடித்துவைக்கப்பட்டால், 5,000 ரிங்கிட் பழுதுப் பொறுப்புக் காலம் முடியும்வரை கைக்கு வாராது. அதுவே சிறு குத்தகையாளரின் இலாபத்தில் பெரும்பகுதியாகவும் இருத்தல் கூடும்.

பழுதுபார்க்கும் வேலை இதற்கு நேர்மாறானது. தொகை சிறிது; பணம் அன்றே கிடைக்கும். ஆலை, பள்ளி போன்றவற்றின் பராமரிப்பு வேலையில் மாதாமாதம் ஒரு வரவு உண்டு.

பால்மரம் சீவுவோர் இன்று ஒரு நிரை, நாளை மற்றொரு நிரை என்று மாற்றிச் சீவுவதை நாம் அறிவோம். மரத்திற்கு ஓய்வும் ஆளுக்கு அன்றாட வேலையும் அதனால் அமைகின்றன. இத்தொழிலிலும் அம்முறை பொருந்தும். சுவர் எழும்போது குழாய் பதித்தல், பூச்சு முடிந்தபின் கம்பி இழுத்தல், இறுதியில் விளக்கும் சுவிட்சும் பொருத்திச் சோதித்தல் என வீட்டு வேலைக்கு இடைவெளிகள் உண்டு. கொத்தனார் தாமதித்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பர், கூலி நிற்காது. அந்நாட்களைப் பழுது வேலைக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குதல் வேண்டும். நால்வர் இருந்தால் நால்வரையும் வீடமைப்புக்கு அனுப்பிவிடலாகாது. ஒருவரையேனும் நிறுத்திவைக்காவிடில், இருளில் தவிக்கும் பழைய வாடிக்கையாளர் வேறொருவரை அழைத்துவிடுவார். மீண்டும் வருவாரென்பது ஐயமே.

ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுவது மிக இன்றியமையாதது. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள 2012ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம் எழுத்திலான ஒப்பந்தங்களுக்கே துணைநிற்கும். “எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்” என்னும் நிபந்தனை அச்சட்டத்தின்படி செல்லாது. இதை அறியாமல் பல மாதம் காத்திருப்போர் இன்னும் உளர்.

ஆலை வேலையை நாடுவோர் மற்றொன்றையும் நோக்குக. ஒருமுனை மின்சாரத்திற்குரிய தகுதிச் சான்றிதழைக் கொண்டு மும்முனை வேலையை ஏற்க இயலாது. அதற்குரிய சான்றிதழ் வேறு. குத்தகையாளராக எரிசக்தி ஆணையத்தில் பதிந்துகொள்வதும் கட்டாயமாகும்.