நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஸ்கேட் பூங்கா

நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய ஸ்கேட்போர்டு என்னும் பலகையில் நின்று சறுக்கிச் செல்வோருக்காகக் குழிவுகளும் சரிவுகளும் படிகளும் அமைத்துக் கட்டப்படும் பொதுத் திடலே ஸ்கேட் பூங்கா. அமெரிக்க நகரங்களில் இத்தகைய திடல் ஒன்றுக்கான கோரிக்கை எழும்போதெல்லாம் அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ சில நம்பிக்கைகள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. அவற்றுட் சில பழைய அனுபவத்தின் எச்சங்கள், சில வெறும் ஊகங்கள்.

நம்பிக்கை: யாரேனும் விழுந்து கையை முறித்துக்கொண்டால் நகராட்சி இழப்பீடு கொடுத்தே நொடித்துப்போகும்.

இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் தனியார் நடத்திய கட்டணப் பூங்காக்கள் பல, ஏறிக்கொண்டே போன காப்பீட்டுச் செலவைத் தாங்க இயலாமல் அப்பத்தாண்டின் இறுதியை ஒட்டி மூடப்பட்டன. ஆனால் சட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. கலிபோர்னியா மாநிலம் 1997இல் இயற்றிய சட்டம், பொதுப் பூங்காவில் செய்யப்படும் ஸ்கேட்போர்டு சாகசத்தை ‘அபாயகரமான பொழுதுபோக்கு’ என்னும் வகையில் சேர்த்தது. அதாவது, அபாயத்தை அறிந்தே இறங்குபவர், அவ்விளையாட்டின் இயல்பிலேயே உள்ள காயத்திற்காக உள்ளாட்சியிடம் இழப்பீடு கோர இயலாது. தலைக்கவசமும் முழங்கை, முழங்கால் காப்புகளும் கட்டாயம் என்று உள்ளூர் விதி இயற்றி, அதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது, கண்காணிப்பாளர் இல்லாத பூங்காக்களில் உள்ளாட்சியின் கடமையாயிற்று. எனினும் இது முழு விலக்கன்று: இரும்பு விளிம்பு பெயர்ந்து நிற்பதை அறிந்தும் எச்சரிக்காமல் விட்ட நகராட்சிக்கு இச்சட்டம் குடை பிடிப்பதில்லை.

நம்பிக்கை: நடைபாதை போடத் தெரிந்த ஒப்பந்தக்காரரே இதையும் கட்டிவிடலாம்.

மிகுந்த பணத்தை வீணாக்கக்கூடிய நம்பிக்கை இதுவே. நடைபாதை தட்டையானது, ஸ்கேட் பூங்காவின் சுவரோ தரையிலிருந்து வளைந்து செங்குத்தாக எழுவது. சாதாரண ஈரக்கலவையை அவ்வளைவில் கொட்டினால் அது வழிந்து அடியில் தேங்கும் என்பதால், காற்றழுத்தத்தால் கலவையைக் கம்பிக்கட்டின் மீது பீய்ச்சும் ‘ஷாட்கிரீட்’ முறை கையாளப்படுகிறது. பின்னர் அது இறுகுவதற்குள் வளைவு அச்சுகளைக் கொண்டு வழித்து, கரணையால் கையாலேயே இழைக்க வேண்டும். சுமார் 5 அல்லது 6 சென்டிமீட்டர் விட்டமே உள்ள கெட்டிச் சக்கரம், நடப்பவர் கண்ணுக்குத் தெரியாத மேட்டிலும் தட்டுப்படும். இந்நுட்பத்தை முதலில் நன்கறிந்தவர்கள் பொறியாளர்கள் அல்லர், சறுக்குபவர்களே என்பது கவனிக்கத்தக்கது. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டு நகரில், பர்ன்சைடு பாலத்தின் கிழக்கு முனையடியில், 1990இல் சிலர் அனுமதியின்றித் தாமே கலவை குழைத்துக் கட்டத் தொடங்கிய பூங்காவை நகர மன்றம் பின்னர் ஏற்றுக்கொண்டது. அங்கே கரணை பிடித்துப் பழகியவர்களிற் சிலர் ட்ரீம்லேண்ட், கிரைண்ட்லைன் ஆகிய கட்டுமான நிறுவனங்களை உருவாக்கினர்.

நம்பிக்கை: புகழ்பெற்ற வீரரின் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொள்ளும்.

ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் 2002இல் நிறுவி, 2020இல் ‘தி ஸ்கேட்பார்க் புராஜெக்ட்’ எனப் பெயர் மாறிய அறக்கட்டளை பல நூறு பூங்காக்களுக்கு உதவியிருப்பது உண்மை. ஆனால் அதன் கொடைகள் நெடுங்காலம் பெரும்பாலும் 25,000 டாலருக்கு மிகாதவையாகவே இருந்தன. 10,000 சதுர அடி கான்கிரீட்டுப் பூங்காவுக்கோ பல இலட்சம் டாலர் வேண்டும். நிலமும் பெரும்பங்குப் பணமும் நகராட்சியிடமிருந்தே வர வேண்டியிருக்க, மண் தோண்டும் வேலையும் கலவையும் உள்ளூர் வணிகர்களிடமிருந்து பொருளுதவியாகக் கிடைப்பதுண்டு. அறக்கட்டளைப் பணத்தின் மதிப்பு அதன் தொகையில் அன்று, பூங்கா கேட்டு நகர மன்றத்தின் முன் நிற்கும் இளைஞர் குழுவுக்கு அது தரும் நம்பகத்தன்மையில் உள்ளது.

நம்பிக்கை: ஊருக்கு வெளியே பெரிதாக ஒன்று கட்டினால் போதும்.

பயனாளர்களிற் பலர் வண்டி ஓட்டும் வயதை எட்டாதவர்கள். பேருந்து போகாத இடத்திற்கு அவர்களும் போக இயலாது. இதை உணர்ந்தே போர்ட்லேண்டு நகரம் 2008இல் வெளியிட்ட திட்டம், தெருமுனைச் சிறுதிடல் முதல் பெரும்பூங்கா வரை வெவ்வேறு அளவில் 19 இடங்களை நகரெங்கும் பரவலாகக் குறித்தது. வரைபடம் வந்த வேகத்தில் பணம் வரவில்லை. அவற்றுட் பல இடங்கள் நிதி ஒதுக்கீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன.