வாய்க்கால் நடக்கும் பாலம்

கேள்வி: ரோமானியர் கட்டிய நீர்ப்பாலங்கள் எங்கெல்லாம் உள்ளன? குற்றாலத் தண்ணீருக்கு நம் முன்னோர் ஏன் அப்படி எதையும் கட்டவில்லை?
– வாசகர், தென்காசி

பதில்: பிரான்சில் போன் து கார், ஸ்பெயினில் செகோவியா, துருக்கியில் இஸ்தான்புல், துனிசியாவில் கார்த்தேஜ் என்று ரோமப் பேரரசு பரவிய இடமெல்லாம் உண்டு. ரோம் நகரின் முதல் நீர்வழி கி.மு. 312-ல் தொடங்கியது. அது பெரும்பாலும் மண்ணுக்கடியில்தான் ஓடியது. பள்ளம் குறுக்கிட்டால் மட்டுமே வளைவுப் பாலம்.

அவர்களுக்குத் தண்ணீர் முக்கியமாக நகரத்துக் குளிப்பிடங்களுக்கும் பொது நீர்த்தொட்டிகளுக்கும் தேவைப்பட்டது. நமக்கோ வயலுக்கு. குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றின் குறுக்கே அணைக்கட்டுகள் போட்டு, கால்வாயில் திருப்பிவிட்டார்கள். நிலத்தின் சரிவே தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டு சேர்த்தது. பாலம் தேவைப்படவில்லை, சரிவை அளந்த அறிவு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பள்ளம் குறுக்கிட்ட இடத்தில் நாமும் கட்டினோம். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம், 1966-ல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே, 28 தூண்கள் தாங்க, 115 அடி உயரத்தில் வாய்க்கால் போகிறது! ஒருமுறை குடும்பத்தோடு போய் அதன்மேல் நடந்து பாருங்கள்.