வெயிலின் கணக்கு

தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் வெயிலைக் குறித்து நான் பேசிய வீரப் பேச்சை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கிறது. “வேலூர்க்காரனுக்கா வெயிலைக் காட்டுகிறீர்கள்?” என்று விடுதியெங்கும் சொல்லித் திரிந்தேன். மே மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் நண்பனொருவனை வற்புறுத்திக் கிரிக்கெட் ஆட அழைத்துச் சென்றவனும் நானே. ஒரு மணி நேரத்தில் அவன் தள்ளாடினான், தொடர்பின்றிப் பேசினான், உடல் நெருப்பாய்க் கொதித்தது. காய்ச்சல் என்றெண்ணி மாத்திரை தேடி ஓடினேன். திரும்பி வருவதற்குள் விடுதிச் சமையற்காரர் அவனை நிழலில் கிடத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டிருந்தார். பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அவன் பிழைத்தது அவரால், என்னால் அன்று.

அதன் பின்னரே நூலகத்தில் அமர்ந்து வெயிலைப் படித்தேன். காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது; மாத்திரை அதனைத் தணிக்கும். வெப்பத் தாக்கிலோ வெம்மையை வெளியேற்றும் ஆற்றலே உடலில் அற்றுப்போகிறது. அங்கே மாத்திரை என்ன செய்யும்? உடனே குளிர்விப்பது ஒன்றே வழி. நமக்கு இயற்கை தந்த குளிர்சாதனம் வியர்வை. அது வழிந்தால் போதாது, உலர வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் உலராது. ஆதலால் ஜூலை மாதத்து 38 டிகிரி, மே மாதத்து 42 டிகிரியைவிடக் கொடியதாகவும் ஆகலாம். வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். அப்பழக்கமும் சில வாரங்களில் மறைந்துவிடும். தில்லிக் குளிரில் கம்பளிக்குள் கிடந்தவன், வேலூரில் பிறந்தவனானால்தான் என்ன?

நம் சப்பாத்தியின் கதையும் இதுவே. வடநாட்டில் கோதுமையைக் கார்த்திகையை ஒட்டி விதைக்கிறார்கள். மார்ச்சு மாதத்தில் மணி பால் பிடித்து முற்றும். அப்போது இதமான குளிர் வேண்டும். வெம்மை முந்திக்கொண்டால் பயிர் விரைந்து பழுத்துவிடும். மணி நிரம்பப் போதிய நாள் கிடைப்பதில்லை. 1901 முதல் உள்ள பதிவுகளில் நாட்டின் மிகச் சூடான மார்ச்சு மாதம் 2022 இல் வந்தது. 11 கோடியே 13 இலட்சம் டன் கோதுமை விளையும் என்று பிப்ரவரியில் மதிப்பிட்ட அரசு, மே மாதத்தில் அதனை 10 கோடியே 64 இலட்சமாகக் குறைத்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் சூம்பிய மணி 18 விழுக்காடு வரை இருந்தாலும் கொள்முதல் செய்ய இசைந்தது. மே 13 அன்று ஏற்றுமதியையும் தடுத்தது. மே மாதத்தில் வந்திருந்தால் எவரும் பொருட்படுத்தாத வெயில், மார்ச்சில் வந்தமையால் விளைந்த விளைவு இது! நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து சேர்ந்த கரியமில வாயுவால் உலகம் ஒரு டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்பர். அந்த மார்ச்சு, ஏப்ரல் மாதங்களின் வெம்மை நேர்வதற்கான வாய்ப்பு இதனால் ஏறத்தாழ 30 மடங்காகிவிட்டது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

நகரத்தில் எனக்கு அச்சம் தருவது பகல் அன்று, இரவு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவரும் தார்ச்சாலையும் இரவில் அதனை நம்மேல் உமிழ்கின்றன. தில்லி சப்தர்ஜங்கில் 2024 ஜூன் 19 அன்று பதிவான மிகக் குறைந்த வெப்பமே 35.2 டிகிரி. இளைப்பாற இரவும் இல்லையென்றால் உழைப்பாளியின் இதயம் என்ன செய்யும்? அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர். அந்நகராட்சி 2013 இல் வெப்பத் தடுப்புத் திட்டமொன்றை வகுத்தது: முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவர்க்குப் பயிற்சி. பின்னர்க் குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் தொடங்கினார்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், செலவும் சிறிது.

நம் விடுதியின் மேல்மாடியில் உறங்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க இசைவு கேட்டு விண்ணப்பம் ஒன்று எழுதியிருக்கிறேன். ஞாயிறு மாலை அறைதோறும் கையெழுத்துக்கு வருவேன். சமையற்கட்டுக்கு ஒரு காற்றாடி வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.