காங்காவின் குரல் மரத்தில் இருக்கிறதா?

கியூபாவில் 'தும்படோரா' என்று அழைக்கப்படும் காங்கா, ஏறத்தாழ 75 செ.மீ. உயரமுள்ள ஒருமுக முழவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் முழவுகளிலிருந்து உருவானது. மேல்வாயில் தோல், கீழ்வாய் திறந்திருக்கும். நம் மிருதங்கத்தைப் பலாக்கட்டையில் குடைந்து செய்வார்கள். காங்காவையோ பீப்பாயைப்போல நீண்ட மரச்சட்டங்களை வளைத்து, பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்கிறார்கள். ஓக், ஆஷ், பீச், மகோகனி ஆகியவை இதற்கு உதவும். ஆஷ் மரத்தின் ஒலி கூர்மையானது, மகோகனியின் ஒலி கனிவானது என்று வாசிப்பவர்கள் சொல்வதுண்டு. இது உண்மைதானா?

ஒலி எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். விளிம்பருகே விரல்களால் தட்டினால் தோல் அதிர்கிறது. அதன் அதிர்வெண்ணைத் தோலின் இழுவிசை, கனம், விட்டம் ஆகியவை முடிவு செய்கின்றன. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். இதில் மரத்துக்கு வேலையே இல்லை! நடுவில் உள்ளங்கையால் அடித்தால் எழும் 'தொம்' என்ற தாழ்ந்த ஒலியில், உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்கிறது. அது கூட்டின் கொள்ளளவையும் கீழ்வாயின் அகலத்தையும் பொறுத்தது. கீழ்வாய் தரையில் அடைபட்டால் இந்த ஒலி மங்கிவிடும். அதனால்தான் வாசிப்பவர் காங்காவைச் சற்றே சாய்த்துக் கொள்கிறார்.

அப்படியானால் மரம் சும்மா நிற்கிறதா? இல்லை. அதிரும் தோல் தன் ஆற்றலில் ஒரு பங்கை விளிம்பு வழியாகக் கூட்டுக்குத் தருகிறது. கூடு கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால் அது அதிகம் அசையாது; ஆற்றல் தோலிலேயே தங்கி ஒலி நீடிக்கும். லேசான கூடு தானும் அசைந்து, அந்த ஆற்றலை உள் உராய்வால் வெப்பமாக்கி வீணாக்கும். ஒரு கன மீட்டர் ஓக் சுமார் 700 கிலோ. மகோகனி சுமார் 550 கிலோ. ஆனால் கூட்டின் எடையோ தோலின் எடையைப்போலப் பல மடங்கு. ஆகவே இந்த வேறுபாட்டின் விளைவு சிறியதே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமனை 10 சதவீதம் கூட்டினாலே விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். கையால் இழைக்கும்போது இவ்வளவு வேறுபாடு எளிதில் வந்துவிடும். உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் மேல் அதிர்வெண்கள் சற்று உறிஞ்சப்படுகின்றன. பலர் மரத்தின் குணம் என்று கேட்பது, தச்சரின் இழைப்புளியின் குணமாகவும் இருக்கலாம்! 'சயாம் ஓக்' என்ற பெயரில் விற்கும் காங்காக்கள் ஓக்கே அல்ல, பால் வடித்து முடிந்த ரப்பர் மரம்தான். அவையும் நன்றாகவே ஒலிக்கின்றன.

மரத்தின் உள் உராய்வை நீங்களே அறியலாம். 50 செ.மீ. நீளமும் ஒரே அகலமும் தடிமனும் உள்ள தேக்குச் சட்டம் ஒன்றையும் மாஞ்சட்டம் ஒன்றையும் எடுங்கள். இரு முனைகளிலிருந்தும் 11 செ.மீ. தள்ளி நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த இடங்கள் அதிகம் அசையாதவை. நூல் அதிர்வைக் கெடுக்காது. நடுவில் தட்டி, எது நெடுநேரம் ஒலிக்கிறது என்று கேளுங்கள். பிறகு மாஞ்சட்டத்தை ஒரு நாள் நீரில் ஊறவைத்துத் தட்டுங்கள். சுருதி இறங்கும், ஒலியும் சட்டென்று அடங்கிவிடும்.