நாளும் ஒரு கனி

மரத்தில் பழுத்துத் தொங்கும் கனி கண்ணுக்கு அழகும் நாவிற்குச் சுவையும் தருவது. ஆயினும், பழத்தை விருந்திற்கும் விழாவிற்கும் உரிய பொருளாகவே பலர் எண்ணுகின்றனர். நாள்தோறும் உண்ண வேண்டிய உணவாக அதனைக் கருதுவோர் சிலரே. பழமும் பசுங்காய்களும் அற்ற உணவு உயிரையே போக்கிவிடும் என்னும் உண்மையை, மக்கள் நடுக்கடலில் பெருந்துன்பம் உற்ற பின்னரே தெளிவாக உணர்ந்தனர்.

பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், மாலுமிகள் மாதக்கணக்கில் கரை காணாது செல்வர். உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே அவர்தம் உணவு. இரண்டு மூன்று திங்கள் கழிந்ததும் அவர்கள் உடல் தளரும், ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், என்றோ ஆறிய புண்களும் மீண்டும் வாய் திறக்கும், இறுதியில் உயிர் பிரியும். இக்கொடிய நோயின் பெயர் ஸ்கர்வி என்பதாகும். கி.பி. 1740-இல் ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதி ஏறத்தாழ 1,900 பேருடன் பசிபிக் கடலை நோக்கிப் புறப்பட்டார். அவர்களுள் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவரின் பீரங்கிக்கு இரையானோர் மிகச் சிலரே; ஏனையோருள் பெரும்பாலோரை மாய்த்தவை ஸ்கர்வி முதலிய நோய்களே.

ஸ்காட்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் லிண்டு என்பவர் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் மருத்துவராகப் பணியாற்றி வந்தார். 1747-ஆம் ஆண்டு மே மாதத்தில், அக்கப்பலில் ஸ்கர்வி நோயுற்றிருந்த பன்னிருவரை அவர் தேர்ந்தெடுத்தார். அனைவர்க்கும் ஒரே வகை உணவை அளித்தார். பின்னர் அவர்களை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு மருந்து கொடுத்தார். ஒரு பிரிவினர் காடியும், மற்றொரு பிரிவினர் கடல்நீரும், வேறொரு பிரிவினர் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த மருந்தும் பெற்றனர். இவ்வாறே பிறரும் வெவ்வேறு மருந்துகளைப் பெற்றனர். ஒரு பிரிவினர் மட்டும் நாள்தோறும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் ஓர் எலுமிச்சம் பழமும் உண்டனர். ஆறு நாள்களில் கப்பலில் இருந்த பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள் பழம் உண்ட இருவருள் ஒருவர் எழுந்து தம் பணிக்குத் திரும்பினார். மற்றவர் ஏனைய நோயாளிகளைப் பேணும் அளவிற்கு நலம் பெற்றார்.

இவ்வாராய்ச்சியை லிண்டு 1753-இல் நூலாக வெளியிட்டார். எனினும், ஆங்கிலக் கடற்படையினர் யாவர்க்கும் எலுமிச்சைச் சாறு வழங்குதல் வேண்டும் என்னும் முடிவு 1795-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே லிண்டு இறந்துவிட்டார். மருந்து மரத்தில் காய்த்திருந்தும், அதனை மக்கள் கைக்கொள்ளாமையால் இடைப்பட்ட காலத்தில் எண்ணிறந்த உயிர்கள் வீணாயின.

பழத்தில் அடங்கிய ஆற்றல் யாது? அது வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்து. அதனை ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-ஜியார்ஜி 1928-இல் பிரித்தெடுத்தார்; அதுவே ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் என்பது 1932-இல் புலனாயிற்று. 1937-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆடும் மாடும் நாயும் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனித உடலுக்கோ அத்திறன் இல்லை; மிகுதியாக உண்டாலும் நெடுங்காலம் சேமித்து வைக்கவும் இயலாது. ஆகவே, ஒருநாள் பத்துப் பழம் உண்பதைவிட நாளும் ஒரு பழம் உண்பதே சிறந்தது. இச்சத்து கொதிக்கும் வெப்பத்தில் பெரிதும் அழிந்துவிடும். ஆதலின் சமைக்காமல் உண்ணும் பழமே மேலானது.

உயிர்ச்சத்தோடு பழத்தின் பயன் முடிந்துவிடவில்லை. அதிலுள்ள நார்ப்பொருள் மலச்சிக்கலை நீக்குகிறது. வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் தசைகள் நன்கு இயங்கத் துணைபுரிகிறது. பப்பாளி கண்ணுக்கு நலம் தருகிறது. நாளொன்றுக்குப் பழமும் காய்கறியுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

விலையுயர்ந்த பழமே நலந்தரும் என்பது தவறான எண்ணம். எளிதிற் கிடைக்கும் கொய்யாவில் ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு வைட்டமின் சி உள்ளது. அதியமான் ஔவைக்கு ஈந்ததாகத் தமிழ் நூல்கள் போற்றும் நெல்லிக்கனியும் இச்சத்து நிறைந்ததே. வீட்டின் கொல்லையில் ஒரு கொய்யாக் கன்றை நட்டால், அது சில ஆண்டுகளில் குடும்பம் முழுமைக்கும் பயன் தரும்.

லிண்டு கண்ட உண்மையை அறிந்திருந்தும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கைக்கொள்ளாதிருந்தனர் அந்நாளைய கடற்படையினர். அவ்வுண்மையை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அறிந்ததனை அன்றாட வழக்கமாக்கிக் கொள்வோரே அதன் முழுப் பயனையும் பெறுவர்.