பறந்த தூரமா, நேர்த் தூரமா?

கேள்வி: ஐரோப்பாவுக்குள் ஒரே டிக்கெட்டில் விமானம் மாறிச் செல்லும் பயணம். முதல் விமானம் தாமதமானதால் இணைப்பு விமானத்தைப் பிடிக்க முடியவில்லை. ஊர் போய்ச் சேர நான்கு மணி நேரம் கூடுதலாயிற்று. இரண்டு விமானங்களும் பறந்த தூரத்தைக் கூட்டினால் 1,500 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. விமான நிறுவனமோ 250 யூரோதான் என்கிறது. 400 யூரோ கேட்க முடியாதா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குவிதி 2005 பிப்ரவரி 17 முதல் அமலில் இருக்கிறது. இழப்பீட்டுத் தொகையை அது தூரத்தை வைத்தே நிர்ணயிக்கிறது. டிக்கெட் விலைக்கு அதில் இடமில்லை. சலுகை விலையில் இருபது யூரோவுக்கு வாங்கிய டிக்கெட்டுக்கும் 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேற்பட்டால், ஒன்றியத்துக்குள் 400 யூரோ.

எந்தத் தூரம் என்பதில்தான் சிக்கல். பெருவட்ட முறைப்படி அளக்க வேண்டும் என்கிறது விதியின் 7ஆவது பிரிவு. உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய கோடு அது. விமானம் உண்மையில் எந்தப் பாதையில் பறந்தது என்பது கணக்கில் வராது.

இதே கேள்வி லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பயணிகள் ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்றவர்கள். பிரஸ்ஸல்ஸ் வரை 1,173 கிலோமீட்டர், அங்கிருந்து ஹாம்பர்குக்கு 483; ஆக 1,656. ரோமிலிருந்து ஹாம்பர்குக்கு நேர்த் தூரம் 1,326 மட்டுமே. இந்த நேர்த் தூரமே செல்லும் என்று 2017 செப்டம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. இழப்பீடு தரப்படுவது பயணியின் சிரமத்துக்காக. நடுவில் விமானம் மாறியதால் மட்டும் அந்தச் சிரமம் கூடிவிடுவதில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். இரண்டு விமானங்களில் அலைந்தவருக்கு இது கசக்கும். ஆனாலும் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: புறப்பட்ட ஊருக்கும் கடைசியாகச் சேர வேண்டிய ஊருக்கும் நேர்த் தூரம் 1,500க்குள் இருந்தால் 250 யூரோதான்.

தூரம் தொகையை முடிவு செய்கிறது என்றால், தொகை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது நேரம். கடைசி ஊரை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் உரிமை பிறக்கும் என்று 2009இல் தீர்ப்பானது. எந்த நிமிடத்தைச் சேர்ந்த நேரமாகக் கொள்வது? சால்ஸ்பர்கிலிருந்து கொலோன் சென்ற ஒரு விமானத்தின் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிடம். அதன் பிறகே கதவு திறந்தது. ஒரு கதவேனும் திறந்து பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் நேரமே சேர்ந்த நேரம் என்றது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கதவு திறக்கும் நேரத்தைப் பயணி குறித்து வைத்துக்கொள்வது அவசியம். வழக்கே அந்த ஐந்து நிமிடத்தில் நிற்கலாம்.

கடும் வானிலை போன்ற அசாதாரணச் சூழலால் தாமதமாகி, அதைத் தவிர்க்கவும் வழியில்லை என்று நிறுவனம் நிரூபித்தால் தொகை கிடைக்காது. சாதாரணமாக ஏற்படும் இயந்திரக் கோளாறு இதில் சேராது. கோரிக்கைக்கான காலவரையறை நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனியில், தாமதம் நேர்ந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுகள்.