மாத்திரைக்கு அடங்காத வலி

சென்னையில் பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்குப் போகும் பெண்களில் பலர் மாதவிலக்கு வலிக்கு முதலில் நாடுவது மருந்துக் கடையைத்தான். லீவு போட்டால் சம்பளம் போகும். மாத்திரை போட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் விசாரித்தபோது, ஏறக்குறைய நூறு பெண்கள், வேலையிடத்தில் இந்த வலிக்குப் பெயரே அச்சிடாத மாத்திரைகள் தங்களுக்குத் தரப்பட்டதாகச் சொன்னார்கள். பெயர் தெரியாததை விழுங்காதீர்கள்.

சாதாரண வலி பெரும்பாலும் வயதுக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் தொடங்கும். உதிரப்போக்கோடு வந்து, அடிவயிற்றைப் பிசைந்து, இடுப்பையும் தொடையையும் இழுத்து, இரண்டு மூன்று நாளில் ஓயும். கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் காரணம். மெஃபனமிக் அமில மாத்திரை அதைத்தான் குறைக்கிறது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் போடக்கூடாது. போட்டபின் தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இந்திய மருந்தியல் ஆணையமே 2023-இல் இதைப் பற்றி எச்சரித்தது.

வலி எவ்வளவு கடுமை என்பதைவிட, அது எப்படி மாறுகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். உதிரப்போக்குக்குச் சில நாள் முன்பே தொடங்குகிறதா? நின்ற பிறகும் இருக்கிறதா? வருடத்துக்கு வருடம் கூடுகிறதா? மலம், சிறுநீர் கழிக்கும்போதோ தாம்பத்தியத்திலோ வலிக்கிறதா? அப்படியானால், கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்வது வைத்தியம் அல்ல. கண்டுபிடிப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும் பேச்சு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

முப்பதைத் தாண்டி புதிதாக வலி வந்து, கட்டி கட்டியாக உதிரம் போய், மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால் கருப்பைக் கட்டியான ஃபைப்ராய்டையோ, உட்படலம் கருப்பைத் தசைக்குள் வளரும் அடினோமையோசிஸையோ சந்தேகிக்க வேண்டும். நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம்.

தொடங்கிய நாள், முடிந்த நாள், போட்ட மாத்திரை, மாற்றிய நாப்கின் எல்லாவற்றையும் மூன்று மாதம் செல்போனில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். உதிரம் அளவுக்கு மீறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அயனாவரம் மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகலாம். நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்து மயக்கமும் வந்தால், கர்ப்பம் கருக்குழாயில் தங்கியிருக்கலாம்; மாத்திரை தேடாமல் 108-ஐ அழையுங்கள்.